முப்பந்தல் காற்றில் முதல் ஷோவுக்குத் தயாராகும் குதிரைக்குட்டி: ஆரல்வாய்மொழிப் பக்கத்து லாயம் எப்படி?

குட்டியை அங்கே விடலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில்: விடலாம். கயிற்றில் ஒழுங்காக நடக்கவும், நடுவர் முன்னால் ஆடாமல் நிற்கவும் பழக்குவதில் இந்த லாயத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தீவனம், குளம்பு, வண்டிப் பயணம் ஆகிய மூன்றையும் முழுசாக அவர்கள் பொறுப்பில் விட்டுவிட்டு வரக்கூடாது. ஏன் என்பதுதான் இந்த விமர்சனத்தில் பாதி.

முப்பந்தல் பக்கம், காற்றாலைகளுக்கு நடுவே, தென்னந்தோப்பை ஒட்டி ஓட்டுக்கூரை போட்ட லாயம். பெயர்ப்பலகை கிடையாது. எட்டு அறை, ஒரு நடைமைதானம், தண்ணீர்த் தொட்டி, மரத்தூள் மூட்டை அடுக்கிய ஒரு கொட்டகை. ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரையுள்ள குட்டிகளை, சவாரி இல்லாமல் கையில் பிடித்து நடத்திக் காட்டும் ஷோவுக்கு ஆறு வாரத்தில் தயார்செய்து தருகிறார்கள். மார்வாரி, கத்தியவாரி என்கிற நாட்டு இனங்கள், கலப்பு எதுவானாலும் சரி. கட்டணம் மாதம் 12,000 ரூபாய். அதில் பசும்புல்லும் பயிற்சியும் அடக்கம். காணம் (கொள்ளு), ஓட்ஸ், தாதுப்பொடி, லாடக்காரர் கூலி, ஊசிமருந்து எல்லாம் தனிக்கணக்கு. கல்யாண ஊர்வலக் குதிரைக்கு ஆட்டம் பழக்கித் தரச் சொன்னால் மறுத்துவிடுகிறார்கள். இது நல்ல அறிகுறி.

குமரி மாவட்டத்தில் குதிரை என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது சாமித்தோப்புக் கலிவேட்டையின் குதிரை வாகனம்தான். உயிருள்ள குதிரையை ஷோவுக்கென்று வளர்ப்பவர்கள் மிகக் குறைவு. அதனாலேயே பழக்குகிற ஆள், குளம்பு சீவுகிற ஆள், பல் பார்க்கிற ஆள் என்று யாரும் பக்கத்தில் கிடைப்பதில்லை. இந்த லாயத்தை அந்தக் கணக்கிலும் பார்க்க வேண்டும்.

முதல் வாரம் முழுக்க எதுவும் நடப்பதில்லை போலத் தெரியும். குட்டியை ஓர் அறையில் விட்டு, காலையும் மாலையும் தலைக்கயிறு மாட்டிக் கழற்றுவார்கள், நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்குவார்கள், உடம்பைத் தடவிக் கொடுப்பார்கள். அவ்வளவுதான். "காசு வாங்கிக்கிட்டு சும்மா நிறுத்தி வச்சிருக்காவ" என்று புலம்புகிற உரிமையாளர்கள் உண்டு. புலம்பத் தேவையில்லை. புது இடத்துக்கு வந்த குட்டிக்கு வயிறும் மனசும் அடங்கவே ஐந்தாறு நாள் பிடிக்கும். அதற்குள் மைதானத்தில் இறக்கி இழுத்தால், மைதானம் என்றாலே மிரள வேண்டிய இடம் என்று அது கற்றுக்கொண்டுவிடும்.

இரண்டாம் வாரம் நடை. இங்கேதான் இவர்களுடைய கை தெரிகிறது. பிடிப்பவர் குட்டியின் இடது தோளுக்கு நேராக நிற்கிறார். வலது கை தாடைக்குக் கீழே ஒரு சாண் தள்ளிக் கயிற்றைப் பிடித்திருக்கும். மிச்சக் கயிறு இடது கையில் மடித்து வைத்திருக்கும். கையைச் சுற்றி ஒரு சுற்றுகூட இருக்காது. குட்டி திடீரென்று பாய்ந்தால் சுற்றிய கயிறு விரலையே முறித்துவிடும் என்பதால் இதில் மட்டும் பயிற்சியாளர் கடுமையாக இருக்கிறார். அதே இடது கையில் நாலடி நீளத்துக்கு ஒரு மெல்லிய பிரம்பு. குட்டி நின்றுவிட்டால் பிரம்பைத் தன் முதுகுக்குப் பின்னால் நீட்டி, விலாவுக்குப் பின்பக்கம் லேசாகத் தொடுகிறார். முன்னால் இழுப்பது கிடையவே கிடையாது.

புதுப் பையன்கள் எல்லாரும் செய்கிற தப்பு, குட்டி நின்றதும் திரும்பி அதன் முகத்தைப் பார்ப்பது. "எலே, மொகத்தப் பாக்காத. நேராப் பாத்து நட, அது தானா வரும்" என்று பயிற்சியாளர் தோப்புக்கு அந்தப் பக்கமிருந்தே சத்தம் போடுவார். சொல்வது சரி. முகத்துக்கு நேரே திரும்பி நிற்கிற ஆள், குட்டியைப் பொறுத்தவரை வழியை மறிக்கிற ஆள். அந்த நிலையில் கயிற்றை இழுக்க இழுக்க அது பின்னால்தான் போகும். கூடுதலாக இழுத்தால் முன்னங்காலைத் தூக்கும். தலை தூக்கி எழும்பி மல்லாக்க விழுந்து மண்டையில் அடிபட்டுச் செத்த குட்டிகள் உண்டு. பின்னாலிருந்து தள்ளுகிற பழக்கம் வந்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம்தான் வேலை. ஒரு வயதுக் குட்டிக்கு அதுவே அதிகம். வட்டமாக ஓட விடுகிற லஞ்சிங்கை இங்கே கிட்டத்தட்டச் செய்வதே இல்லை, செய்தாலும் பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் போவதில்லை, வட்டமும் பெரிது. முன்முட்டிக்கு மேலே எலும்பு வளரும் பகுதி இரண்டு வயது தாண்டியும் மூடாது. சின்ன வட்டத்தில் தினமும் சுற்ற விட்டால் அந்த இடத்திலும் மூட்டிலும் ஒருபக்கமாகவே சுமை விழுகிறது. "நல்லா ஓட விட்டு மூச்சு வாங்க வைங்க, அடங்கிடும்" என்கிற ஆலோசனை நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கும். களைத்த குட்டி அடங்கியதுபோலத் தெரியும். மறுநாள் திரும்பவும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

டிராட், அதாவது நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஓட்டம், பழக்குவது மூன்றாம் வாரம். முப்பது நாற்பது மீட்டர் நேர்கோடு, இரண்டு பக்கமும் தென்னைமட்டை போட்டு வழி அடையாளம். வாயால் ஒரு 'டக்' சத்தம், கூடவே பிடிப்பவரும் ஓட்டம் எடுக்கிறார். கயிறு தொய்வாகவே இருக்க வேண்டும் என்பதில் விடாப்பிடி. கயிறு இறுகினால் குட்டியின் தலை பிடிப்பவர் பக்கம் திரும்பும், பின்பாகம் வெளியே தள்ளும், நேராக ஓடுகிற குதிரைகூடக் கோணலாக ஓடுவதுபோலத் தெரியும். நல்ல கால் உள்ள குட்டியை நொண்டி என்று நடுவர் எழுதிவிட இது ஒன்று போதும்.

கோட்டின் கடைசியில் திரும்புவதும் ஒரு பாடம்தான். ஓட்டத்தை நடையாக்கி, குட்டியைத் தன்னை விட்டு வெளியே, அதாவது வலப்பக்கமாகத் திருப்ப வேண்டும். பிடிப்பவர் வெளிவட்டத்தில் சுற்றி வருவார். தன் பக்கம் இழுத்துத் திருப்பினால் குட்டி காலை மிதிக்கும், பின்னங்கால் அகலும், நடுவருக்கும் குட்டிக்கும் நடுவே ஆள் உடம்பு மறைக்கும். திருப்பி, நேராக்கி, அதற்கப்புறம்தான் மறுபடி டிராட். வளைவிலேயே ஓட்டம் எடுத்தால் முதல் நாலைந்து அடி குழம்பிவிடும். நடுவர் உன்னிப்பாகப் பார்ப்பது தன்னை நோக்கி வருகிற அந்த அடிகளைத்தான்: முன்கால் உள்ளே வளைந்து வீசுகிறதா, பின்கால் முன்கால் தடத்தில் விழுகிறதா என்று.

நிற்க வைப்பதில் இந்த லாயம் அசத்துகிறது. நடுவர் பக்கம் இருக்கிற முன்கால் சற்று முன்னே, அதே பக்கத்துப் பின்கால் சற்றுப் பின்னே. அப்போதுதான் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறவருக்கு நாலு காலும் தனித்தனியாகத் தெரியும். காலைக் கையால் பிடித்து வைப்பதில்லை. ஓர் அடி முன்னே, அரை அடி பின்னே என்று நகர்த்தி, சரியாக வந்து நின்ற அந்த நொடியில் கயிற்றைத் தளர்த்திவிடுகிறார்கள். தளர்வுதான் பரிசு. முதலில் ஐந்து நொடி, ஒரு வாரத்தில் அரை நிமிடம், கடைசியில் இரண்டு நிமிடம். இடம் சமதளமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முன்கால் பக்கம் கொஞ்சம் மேடு. முன்பக்கம் பள்ளமாக இருந்தால் தோள் இறங்கி, பின்பாகம் தூக்கிய குதிரை மாதிரித் தெரியும்.

மார்வாரியும் கத்தியவாரியும் என்றால் காதுதான் அழகு. நுனி உள்வளைந்து ஒன்றையொன்று தொடுகிற காதை முன்னால் கூர்ந்து நிறுத்தவில்லை என்றால் பாதி மதிப்பு போச்சு. அதற்குச் சட்டைப் பையில் ஒரு பிடி வேகவைக்காத காணம் வைத்துக் கலகலவென்று ஒலி எழுப்புகிறார்கள், வாயில் கொடுப்பதில்லை. கையிலிருந்து தின்னக் கொடுத்துப் பழக்கிய ஆண்குட்டி ஆறு மாதத்தில் கடிக்கத் தொடங்கும்.

நடுவர் உதட்டைத் தூக்கிப் பல் பார்ப்பார். இதற்கும் தினசரிப் பயிற்சி உண்டு: பக்கவாட்டிலிருந்து கட்டைவிரலை விட்டு உதட்டை மட்டும் ஒதுக்கிக் காட்டுவது, நாக்கை இழுக்காமல். பால்பல் விழுந்து நடுவில் இரண்டு முளைப்பது இரண்டரை வயது வாக்கில், அடுத்த ஜோடி மூன்றரை, ஓரத்து ஜோடி நாலரை. நம் நாட்டு இனக் குதிரை ஷோக்களில் பால்பல், இரண்டு பல் என்று பிரித்துத்தான் வகுப்பு வைக்கிறார்கள். ஆகவே பெயர் கொடுக்கும் முன் பல்லைப் பார்த்துவிடுங்கள். பிறந்த மாதத்தை மட்டும் நம்பிக் கொடுத்து, களத்தில் நடுப்பல் எட்டிப்பார்த்து வகுப்பு மாறிய கதை எல்லா ஷோவிலும் நடக்கும். சுழி பார்க்கிறவர்கள் தனி. அதற்குப் பயிற்சியால் ஆவது ஒன்றுமில்லை.

இந்த லாயத்தின் பெரிய பலம் இவர்கள் ஏற்பாடு செய்யாத ஒன்று: காற்றாலை. வெயில் சாய்ந்த நேரத்தில் இறக்கையின் நிழல் மைதானத்தைக் குறுக்கே வெட்டி வெட்டிப் போகும். புதிதாக வந்த குட்டி முதல் நிழலுக்கே நாலு காலையும் ஊன்றி, மூக்கு விடைத்து, கொர்ரென்று மூச்சு விடும். பிடிப்பவர் நிற்காமல், தட்டிக் கொடுக்காமல், ஒன்றுமே நடக்காததுபோல நடந்துகொண்டே இருப்பார். ஐந்தாறு நாளில் நிழல் முதுகின் மேல் ஏறி இறங்கினாலும் குட்டி காதைக்கூடத் திருப்பாது. ஆனி ஆடியில் கணவாய்க் காற்று சாக்கையும் ஓலையையும் வாரி வீசும். அதையும் சமாளித்த குட்டிக்குக் களத்துக் கொடியும் ஷாமியானாவும் பெரிய விஷயமில்லை. மேளச் சத்தத்துக்கு மட்டும் ஸ்பீக்கர் வைக்கிறார்கள். முதலில் தோப்புக்கு அந்தப் பக்கம், தீவனம் தின்கிற நேரத்தில், குறைந்த ஒலியில். பிறகு நாளுக்கு நாள் பக்கத்தில். வெடி மட்டும் போடுவதில்லை. அது சரிதான்.

சாமான் விஷயத்தில் இரண்டு பாராட்டு, ஒரு குட்டு. தோல் தலைக்கயிறு, பித்தளை வளையம், எல்லாம் கான்பூரிலிருந்து தருவித்தது. சேண வேலைக்கு அந்த ஊரை விட்டால் வேறில்லை. மூக்குப்பட்டை கன்ன எலும்பின் கீழ் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கிறது, உள்ளே இரண்டு விரல் தாராளமாக நுழைகிறது. அதைவிடக் கீழே இறங்கினால் மூக்கின் மெல்லெலும்பை அழுத்தி மூச்சைத் தடுக்கும். கட்டிப்போடும்போது நேராக வளையத்தில் கட்டாமல், நடுவே ஒரு மெல்லிய சணல் கண்ணி போடுகிறார்கள். குட்டி பதறி இழுத்தால் சணல் அறும், கழுத்து தப்பும். குட்டு எதற்கென்றால், பிடிகயிற்றுக்கு. உள்ளூரில் நல்ல கயிறு கிடைக்கிறதே என்று தென்னைநார்க் கயிற்றைப் பிடிகயிறாக்கி வைத்திருக்கிறார்கள். தோப்புக்கும் படகுக்கும் அது அருமையான கயிறு. இங்கே, குட்டி ஓர் இழுப்பு இழுத்தால் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும், பிடிப்பவர் பயந்து விட்டுவிடுவார், விட்டால் ஓடலாம் என்று குட்டி கற்றுக்கொள்ளும். மூன்று மீட்டர் பருத்திக் கயிறு ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கடிவாளம் போடச் சொல்லும் வகுப்பு என்றால், கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் ஓநாய்ப்பல் என்கிற சின்னப் பல் இருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போடுங்கள். கடிவாள இரும்பு அதில் இடித்தால் குட்டி தலையை உதறிக்கொண்டே இருக்கும். பயிற்சி போதவில்லை என்று பழி பயிற்சியாளர் மேல் விழும்.

இனி தீவனம். இங்கேதான் லாயத்தோடு நமக்கு ஒத்துவரவில்லை.

ஷோ குதிரை கொழுகொழுவென்று மினுங்க வேண்டும் என்பது இவர்கள் நம்பிக்கை. வேலி ஓரம் நட்ட நேப்பியர் புல், அதோடு அரிசித் தவிடு, வேகவைத்த காணம், கடலைப்பிண்ணாக்கு. மூன்று வாரத்தில் குட்டி உருண்டு திரண்டுவிடும், உரிமையாளருக்கும் பார்க்கச் சந்தோஷம். பிரச்சினை எலும்பில். நேப்பியர், கினியா வகைப் புல்லில் ஆக்சலேட் அதிகம். அது புல்லிலுள்ள கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு குடலில் உறிஞ்ச விடாது. தவிட்டிலோ பாஸ்பரஸ் மலையளவு, கால்சியம் பெயருக்குத்தான். இரண்டும் சேர்ந்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். முதலில் நடையில் ஒரு விறைப்பு, அப்புறம் இன்று இந்தக் கால், நாளை அந்தக் கால் என்று இடம் மாறும் நொண்டல், முற்றினால் முகத்தின் இரு பக்க எலும்பும் புடைத்துப் பெருக்கும். மாட்டுக்கு இந்தத் தொல்லை வராது, அதன் வயிற்று நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடும். மாடு வளர்த்த கையோடு குதிரைக்கு வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

மொத்தத் தீவனத்தில் கால்சியம், பாஸ்பரஸுக்கு ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு இருக்க வேண்டும். எந்த நிலையிலும் சமத்துக்குக் கீழே போகக்கூடாது. நடைமுறையில் செய்ய வேண்டியது: தவிட்டை நிறுத்துங்கள், அல்லது ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். தீவனத் தரச் சுண்ணாம்புக்கல் பொடி நாளைக்கு 40 கிராம், ஈரத் தீவனத்தில் பிசறிக் கொடுங்கள். அதில் சுமார் 15 கிராம் கால்சியம் இருக்கும். நேப்பியரில் பாதியைக் குறைத்து, அறுகம்புல்லும் கொஞ்சம் வேலிமசாலும் சேர்க்கச் சொல்லுங்கள். பசும்புல்லில் முக்கால் பங்கு தண்ணீர்தான். 250 கிலோ எடையுள்ள குட்டிக்கு ஐந்து கிலோ உலர்பொருள் போக வேண்டும் என்றால் இருபது கிலோவாவது பச்சை வெட்டிப் போட வேண்டும். காணம் ஒரு கிலோ தாண்ட வேண்டாம், ஊறவைத்து வேகவைத்தது மட்டும்.

கொழுப்பேற்றுவதன் விளைவை நடுவர் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார். முன்முட்டிக்கு மேலும் கணுக்கால் மூட்டிலும் வீங்கி, மூட்டு உடுக்கை மாதிரி நடுவில் ஒடுங்கித் தெரியும். வளரும் எலும்பு முனையில் அழற்சி என்று அர்த்தம். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, கையால் தடவினால் தெரிய வேண்டும், அதுதான் அளவு. 1983இல் ஹென்னெக்கே வகுத்த, குதிரையின் உடற்கட்டைக் கணிக்கிற ஒன்பது புள்ளி அளவுகோலில் ஐந்து, மிஞ்சினால் ஆறு. இதைப் பயிற்சியாளரிடம் சொன்னால், "சார், மெலிஞ்ச குட்டிய யாரு சார் திரும்பிப் பாப்பாவ?" என்பார். சிரித்துக்கொண்டே சுண்ணாம்புப் பொடி டப்பாவை மேசையில் வைத்துவிட்டு வாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை, இரண்டும் இந்த மாவட்டத்துக்கே உரியவை. மரச்சீனி (மரவள்ளி) இலையும் பச்சைத் தோலும், ரப்பர் கொட்டையும் சயனைடு நஞ்சுள்ளவை. குலசேகரம், திருவட்டாறு பக்கமிருந்து புல் வெட்டி வந்தால் கட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் போட வேண்டும். அடுத்தது மாட்டுத் தீவன மூட்டை. மொனென்சின் கலந்த தீவனம் மாட்டுக்கு மருந்து, குதிரைக்கு இதயத் தசையைக் கொல்லும் விஷம். ஒரே கொட்டகையில் இரண்டு மூட்டையையும் அடுக்கி, ஒரே கோப்பையால் அள்ளுகிற வழக்கம் இந்த லாயத்தில் இருக்கிறது. நேராகவே சொல்லி மாற்ற வையுங்கள்.

குளம்பு: இவர்கள் கூப்பிடுகிற லாடக்காரர் வண்டிமாட்டுக்கு லாடம் அடித்துப் பழகியவர், கை சுத்தம், ஆனால் குதிரைக் குளம்பின் கோணம் அவருக்குப் பிடிபடவில்லை. குதிகாலை அதிகம் சீவி, விரல்முனையை நீளமாக விட்டுவிடுகிறார். டிராட்டில் குட்டி இடறுவதற்கு அதுவே காரணம். முன்னால் நின்று பார்த்தால் குளம்பின் உள்சுவரும் வெளிச்சுவரும் ஒரே உயரம், பக்கவாட்டில் பார்த்தால் கணுவிலிருந்து தரை வரை சாய்வு ஒரே கோடு. இதைச் சரிபார்த்த பிறகு கூலி கொடுங்கள். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை சீவினால் போதும், கடைசிச் சீவல் ஷோவுக்குப் பத்து நாள் முன்னால் இருக்கட்டும். முந்தின நாள் சீவினால் தரை கூசி, குட்டி குட்டையாக அடியெடுத்து வைக்கும். இந்த வயதில் லாடம் தேவையில்லை. படுக்கைக்கு ரப்பர் மரத்தூள் போடுகிறார்கள், நன்றாக உறிஞ்சுகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் மட்டும் ஈரம் தங்கி, குளம்பின் நடுக் கவையில் நாற்றமெடுத்த கறுப்புக் கசிவு வருகிறது. தினமும் சுரண்டிக் காயவைத்து, மயில்துத்தக் கரைசல் தொட்டுவைத்தால் அடங்கிவிடும்.

குளிப்பாட்டல், மினுக்கு வேலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இங்கே கால்வாய்த் தண்ணீர் வருவதால் ஷாம்பு நுரைக்கிறது. கடலோரத்தில் இராஜாக்கமங்கலம், மணவாளக்குறிச்சி பக்கம் குட்டியை வைத்திருப்பவர்கள் உப்புப் போர்வெல் தண்ணீரில் கழுவிவிட்டு, உலர்ந்த பின் முடியில் வெள்ளைப் பொருக்கு படிகிறதே என்று கேட்பார்கள். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் பிடித்துவைத்தால் தீரும். ஆனால் தேங்காய் எண்ணெய்! கண்ணைச் சுற்றியும் மூக்கிலும் ஒரு துளி தேய்த்தால் பளபளப்பு. இவர்கள் உடம்பு முழுக்கத் தேய்க்கிறார்கள். பத்து நிமிடத்தில் களத்துப் புழுதி அத்தனையும் ஒட்டிக்கொள்ளும். மூக்கு வெளுத்த குட்டிக்கு வெயிலில் தோலும் கன்றும். மினுமினுப்பு வர வேண்டுமென்றால் தினம் அரைமணி நேரம் கரேரா என்கிற தேய்ப்புச் சீப்பும் பிரஷும் போட வேண்டும், வேறு குறுக்கு வழி இல்லை.

வண்டி ஏற்றுவதைப் பழக்குகிறார்கள், நன்றாகவே. அகலமான பலகைச் சரிவு, மேலே தென்னைநார் மிதியடி. குட்டி வழுக்காமல் ஏறுகிறது. அவசரப்படுத்துவதில்லை, முதல் நாள் இரண்டு கால் வைத்தாலே போதும் என்று திருப்பி இறக்கிவிடுகிறார்கள். பயணத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். குட்டி திரும்பிவிடக்கூடாது என்று தலையை உயரமாக, குட்டையாகக் கட்டுகிறார்கள். தலையைத் தாழ்த்த முடியாத குதிரையால் மூச்சுக்குழாயில் சேர்கிற தூசியையும் சளியையும் வெளியேற்ற முடியாது. பல மணி நேரம் அப்படியே போனால் நுரையீரல் அழற்சியோடு இறங்கும். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள் நம் ஊரிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். மூக்கு முன்முட்டி உயரத்துக்கு இறங்குகிற அளவு கயிறு விடச் சொல்லுங்கள். மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்ட வேண்டும். வீட்டுத் தண்ணீரே இரண்டு கேன் எடுத்துப் போனால் நல்லது. வாசனை மாறினால் சில குட்டிகள் குடிக்காது, குடிக்காமல் காய்ந்த புல் தின்றால் வயிற்றுவலி வரும். ராத்திரிப் பயணமே உத்தமம்.

காகித வேலையில் லாயத்தார் உதவ மாட்டார்கள், நாம்தான் பார்க்க வேண்டும். 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி, பயணத்துக்குத் தகுதியானது என்ற கால்நடை மருத்துவர் சான்று வண்டியில் இருக்க வேண்டும். கிளாண்டர்ஸ் என்கிற தொற்றுநோய் இல்லை என்ற இரத்தப் பரிசோதனை முடிவைப் பல ஷோக்களில் கேட்கிறார்கள். மாதிரி எடுத்து அனுப்பி முடிவு வர நாளாகும் என்பதால் லாயத்தில் விட்ட வாரமே அதைத் தொடங்கிவிடுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி நாலு முதல் ஆறு வாரம் இடைவெளியில் இரண்டு தவணை. குதிரையைப் போல டெட்டனஸுக்கு எளிதில் பலியாகிற வளர்ப்பு விலங்கு வேறில்லை, லாயத்திலோ ஆணி, தகரம், கம்பிக்குப் பஞ்சமில்லை.

ஆண்குட்டி என்றால் ஒரு குறிப்பு. பெட்டைக்குதிரைகள் பக்கத்தில் நிற்கும் களத்தில் அது யார் பேச்சும் கேட்காது. மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் கொஞ்சம் விக்ஸ் தடவுகிற பழைய வழக்கத்தை இவர்களும் செய்கிறார்கள். வாசனை மறைந்து கவனம் திரும்புகிறது. பிடிக்கிற ஆளையும் அன்றைக்கு மாற்றாதீர்கள். ஆறு வாரம் பழக்கிய பையனையே அனுப்பித் தருவார்கள், அவருக்குத் தினக்கூலியும் பயணப்படியும் தனி. அந்தக் காசு வீணில்லை. நீங்களே பிடிப்பதானால் கடைசி வாரம் தினமும் போய் அவரோடு நின்று பழகுங்கள். வெள்ளைச் சட்டை, இறுக்கமான பேண்ட், ஷூ. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செருப்போடு டிராட் ஓடுகிற காட்சி நம் பக்கத்துக் களங்களில் இன்னும் உண்டு, அதில் விழுந்து வாருவது குதிரை இல்லை.

திரும்பக் கூட்டி வந்ததும் தீவனத்தை ஒரே நாளில் மாற்றாமல் ஏழெட்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஒரு தடவைக்கு ஆறு குட்டிக்கு மேல் எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறார்கள். ஆடிக்குத் தயாராக வேண்டுமென்றால் வைகாசி பாதியிலாவது கொண்டுபோய் விட வேண்டும். அதற்கு இடம் சித்திரை விஷு கழிந்த கையோடு கேட்டு வைத்தால்தான் கிடைக்கும், முன்பணம் 3,000 ரூபாய்.